குழுவின் நாலாவது ஆள்

சாஸ்திரீய சங்கீதத்தை ராக்கில் குழைத்தடிக்கும் எங்கள் குழுவில் கிடாரே கிடையாது. நான் வயலின், அக்கா செல்லோ, அவள் புருஷன் டிரம்ஸ். அப்பாவின் சலவைக் கடைப் பின்னறையில்தான் ஒத்திகை. எங்கள் பாட்டுக்கு ஏழு அடித் தாளம். மச்சான் ஒருநாளும் பிசகியதில்லை.

நேற்று அப்பா, அந்த அறையில் தடதடவென ஆடிக்கொண்டே ஓடும் பழைய வாஷிங் மெஷினை ரிப்பேர் செய்துவிட்டார். இன்று மச்சானுக்கு ஏழும் வரவில்லை, எட்டும் வரவில்லை.

"இத்தனை நாளா மெஷினைக் கேட்டா வாசிச்சீங்க?" என்று அக்கா எகிறினாள். மச்சான் தலையைச் சொறிந்தார்.

மெஷினின் ஒரு காலுக்கடியில் செங்கல்லைச் செருகினேன். ஆட்டம் திரும்பியது, தாளமும் திரும்பியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்குக் கச்சேரிக்கு இதையும் தூக்கிட்டுப் போவீங்களோ?"

மூவரும் ஜன்னல் வழியே, வெளியே நின்ற கடை வேனை எட்டிப் பார்த்தோம்.