டெல்பர்ட் எழுந்து போனால்

மிஸ் வெர்னாவின் கணவர் அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். (கல்யாணமான பெண்ணையும் மரியாதைக்கு 'மிஸ்' என்று அழைப்பது எங்கள் ஊர் வழக்கம்.) அக்டோபர் மாதத்தில், அதுவும் உள்ளூரில் எங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் இருக்கும் நாளில் கல்யாணம் வைத்தவர்கள் பெண் வீட்டார், வெளியூர்க்காரர்கள். மற்றபடி நல்ல குடும்பம் என்றே சொல்கிறார்கள். யாராவது ஒருவர் போயாக வேண்டியிருந்தது. குடும்பத்திலேயே குறைவாகக் கத்துபவர் என்ற தகுதியில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். மைதானத்தில் எங்கள் வரிசையில் ஓர் இருக்கை காலியானது இப்படித்தான்.

அதில் வந்து அமர்ந்தவர் டெல்பர்ட் ப்ரூயிட். காலையில் மைதானத்துக்கு வெளியே டிக்கெட் விசாரித்துக்கொண்டு நின்றவரை, மிஸ் வெர்னா ஆட்ட நாள் விருந்துக்காகப் போட்டிருந்த தம் கூடாரத்துக்குள் அழைத்துப் பொரித்த கோழியைக் கொடுத்த பிறகே பெயரைக் கேட்டார். ஒஹாயோவில் பாலங்களைச் சோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். தென்மாநிலக் கல்லூரிகளின் மைதானங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். மிசிசிப்பியில் இருக்கும் எங்களுடையதுதான் கடைசி.

"வந்துட்டுப் போனா மட்டும் கணக்குல சேராதுங்க," என்றார். "உள்ளூர்ப் பசங்க டச் டவுன் போடணும். அத நான் சீட்டுல உக்காந்து என் கண்ணால பாக்கணும்."

"அவ்வளவுதானே?" என்றான் ராய்ஸ், மிஸ் வெர்னாவின் தம்பி. "பந்தத் தூக்கிட்டுக் கோட்டத் தாண்டுறதுக்குன்னே பொறந்தவனுங்க எங்க பசங்க. நீங்க பாத்துப் பாத்துச் சலிச்சிருவீங்க."

நாங்கள் மூடநம்பிக்கை உள்ளவர்கள் அல்லர். சென்ற ஆண்டு வென்ற நாளில் அணிந்திருந்த சட்டையை ராய்ஸ் இன்றுவரை துவைக்காததும், எதிரணியிடம் பந்து இருக்கையில் நான் கால்மேல் கால் போடாததும் அனுபவத்திலிருந்து பெற்ற முடிவுகள். ஆகவே டெல்பர்ட் கழிப்பறைக்குப் போன இடைவெளியில் எங்கள் அணி டச் டவுன் போட்டதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவர் திரும்பி வந்து அமர்ந்தவுடன் எதிரணி போட்டது. பிறகு அவர் வேகவைத்த நிலக்கடலை வாங்கப் போனார். எங்கள் அணி மறுபடி போட்டது. வரிசை முழுவதும் காலி இருக்கையைத் திரும்பிப் பார்த்தது.

"அக்கா," என்றான் ராய்ஸ் மெதுவாக.

"வாய மூடு. எனக்கும் கண்ணு இருக்கு."

நிலக்கடலையோடு டெல்பர்ட் வந்து அமர்ந்ததும் மிஸ் வெர்னா அவர் பக்கம் அன்போடு திரும்பினார். "மிஸ்டர் டெல்பர்ட், காலைல சாப்பிட்ட கோழி ஒத்துக்கிச்சா? வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே?"

"நல்லா இருக்கேங்க."

"ஒண்ணுமே பண்ணலையா?" என்றார் மிஸ் வெர்னா, ஏமாற்றத்தை மறைக்காமல். "அப்போ எனக்கொரு லெமனேட் வாங்கிட்டு வர முடியுமா? அவசரமே இல்ல."

லெமனேட் வந்து சேர்வதற்குள் மூன்றாவது டச் டவுனும் ஆகிவிட்டது. "பாவம், நல்ல மனுஷன்," என்றார் மிஸ் வெர்னா. எங்கள் ஊரில் ஒருவரைப் பாவம் என்று சொல்லிவிட்டால் அதன்பின் மேல்முறையீடு கிடையாது.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நாங்கள் பின்தங்கியிருந்தோம். பந்து எங்களிடம், கோட்டுக்கு மிக அருகில் இருந்தது. அப்போது வரிசையில் எழுந்த கேள்வி நுட்பமானது: தோஷம் டெல்பர்ட்டின் இருக்கையிலா, பார்வையிலா?

"படிக்கட்டுல நின்னு எட்டிப் பாக்கட்டுமே," என்றான் ராய்ஸ். "உக்காந்தாத்தானே பிரச்சினை?"

"நின்னா என் கணக்குல சேராதுங்க," என்றார் டெல்பர்ட்.

"எட்டிப் பாத்தா எங்களுக்கு ஆகாது," என்றார் மிஸ் வெர்னா. "ஆனா நான் போகச் சொல்லல. சீட்டு என் வீட்டுக்காரரோடது. இருக்கறதும் போறதும் உங்க இஷ்டம்."

டெல்பர்ட் மைதானத்தைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் தலை படிக்கட்டில் மறைந்ததும் எங்கள் பையன் கோட்டைத் தாண்டினான்; ஜெயித்துவிட்டோம்.

திரும்பி வந்தபோது அவர் தோளில் சுண்ணாம்புத் தூசி படிந்திருந்தது. "உங்க வரிசைக்குக் கீழதான் நின்னேன். நீங்க குதிச்சப்ப மேல இருந்து கொட்டிச்சு," என்றார். "பயப்படாதீங்க, கட்டடம் உறுதியாத்தான் இருக்கு."

அவரை அணைத்துக்கொண்டு அழுத ராய்ஸை விலக்கிவிட்டு மிஸ் வெர்னா கேட்டார்: "இது சேருமா?"

"சேராதுங்க."

மிஸ் வெர்னா சற்று யோசித்தார். "அடுத்த வாரம் வரைக்கும் இருந்துட்டுப் போங்க."

ஆண்டுக்கு ஒருமுறை, எங்களிடம் தோற்றுப் போவதற்காகவே ஒரு சிறிய கல்லூரியைப் பணம் கொடுத்து அழைப்பது வழக்கம். அது அடுத்த சனிக்கிழமை. டெல்பர்ட் உட்கார்ந்தாலும் வென்றுவிடலாம் என்பது மிஸ் வெர்னாவின் கணிப்பு. அவருடைய கணவர், புதுமணத் தம்பதியரை நலம் விசாரித்துவர அனுப்பப்பட்டார்.

டெல்பர்ட் அமர்ந்தார். ஒரே பேருந்தில் அணியையும் வாத்தியக் குழுவையும் ஏற்றி வந்த கல்லூரியிடம் நாங்கள் புள்ளியே எடுக்காமல் தோற்றுக்கொண்டிருந்தோம். இறுதிக் கட்டத்தில், யாரும் கேட்காமலே அவர் தொப்பியோடு எழுந்தார்.

"கீழ போயிட்டு வரேங்க, மிஸ் வெர்னா."

வழிவிடுவதற்காக ராய்ஸ் அதற்குள் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், கால நீட்டு," என்றார் மிஸ் வெர்னா.

"அக்கா, இன்னும் நேரமிருக்கு. ஜெயிச்சிரலாம்."

"நீட்டுடான்னேன்ல."

ராய்ஸ் நீட்டினான். வழி அடைபட்டது. டெல்பர்ட் உட்கார்ந்தார். மேலும் ஒரு டச் டவுனை எதிரணி போட்டது. வரிசையில் ஒருவரும் மிஸ் வெர்னாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு, எதற்கும் பயன்படாத நேரத்தில், எங்கள் பையன் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டி விழுந்தான். பாதிக் கூட்டம் ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருந்தது. டெல்பர்ட் கைதட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

"சேருமா?"

"சேரும்."

"நல்லது. இனிமே இந்தப் பக்கம் வந்துராதீங்க," என்றார் மிஸ் வெர்னா, வழியில் சாப்பிட நான்கு துண்டு கோழியைத் தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தபடி.