பனிக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு பகல் தூக்கம்

"இதனால் இவ்வில்லத்தில் வசிப்போர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இன்று காலை முதல், மறு அறிவிப்பு வெளிவரும் வரை, நம் வீட்டின் வெப்பநிலை இருபது!"

அறிவித்தவர் வீட்டுக்குப் பெரியவர். அறிவித்த இடம், ஹால் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் பெட்டிக்கு முன்னால். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர்: பாதி உரித்த வெங்காயத்தோடு அவர் மனைவி, காதில் இயர்போனோடு அவர் மகள். வீட்டின் வெப்பம் மட்டும் இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அது முப்பத்தொன்றில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

அரசாங்கத்தில் சுற்றறிக்கை எழுதும் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றது அவர்தான், சுற்றறிக்கை இல்லை. வீட்டில் அவருக்கு 'பிரகடனம்' என்று பெயர். வைத்தவள் மனைவி, வழிமொழிந்தவள் மகள். அவருக்கு மட்டும் தெரியாது.

"நேத்து இருபத்திரண்டுன்னீங்க," என்றாள் மனைவி.

"நேத்து வேற சூழ்நிலை."

"முந்தாநாள் இருபத்தினாலு. இப்படியே போனா நாளன்னைக்கு சைபர்ல வந்து நிப்பீங்க. வியர்வை மட்டும் நின்னபாடில்லை."

இந்த நேரத்தில்தான் பாப்பா உள்ளே நுழைந்தாள். பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. கடைக்குட்டியாகப் பிறந்துவிட்டால் தலை நரைத்தாலும் பாப்பாதான். பெரியவரின் ஒரே தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், எப்போதும் இரவு ட்யூட்டி. ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது படுக்கப் போகிறவள். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வருகிறவர்களுக்குக் காலை வெளிச்சம் கொஞ்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத்தான் தெரியும். அண்ணன் வாய் அசைவதும், அண்ணியின் கையில் வெங்காயத்தோல் மெல்லச் சுருண்டு விழுவதும் அவளுக்கு மீன்தொட்டிக் காட்சி மாதிரி இருந்தது.

"வா பாப்பா. உங்க அண்ணன் ஊரையே குளிர வச்சிட்டார். சால்வை இருந்தா போர்த்திக்கோ," என்றாள் அண்ணி.

பாப்பா சிரிக்க நினைத்தாள். சிரிப்பு முகம்வரை வந்து சேரவில்லை.

அவளுக்குத் தூக்கம் வேண்டும். கவிதையில் வருகிற மாதிரித் தூக்கம் இல்லை, வயிற்றுப்பாட்டுக்குத் தூக்கம். பகலில் தூங்க முடியாமல் போனதால் வார்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு முறை கண் அசந்துவிட்டாள். இரண்டாம் முறை, எல்லா நர்ஸ்களுக்கும் மேலான பெரிய சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "இன்னொரு தடவை ஏதாவது புகார்னா, வீட்டுக்கே போய் நிம்மதியா தூங்கிக்கலாம். யாரும் எழுப்ப மாட்டாங்க." சம்பளம் வருகிறவரைக்கும் அவள் அந்த வீட்டில் ஓர் ஆள். நின்றுபோனால், அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் தங்கச்சி. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பகல் தூக்கம்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் வீட்டில் காற்று இல்லை.

வெயில் காலத்தில் குளிர், பனிக்காலத்தில் சூடு. இரண்டையும் ஒரே இயந்திரம்தான் தயாரித்தது. சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் அது நின்றது. அங்கிருந்து கூரைக்கு மேலே தகரக் குழாய்கள் ஓடி, ஒவ்வொரு அறையின் கூரையிலும் ஒரு சதுரக் கிரிலாக வாய் திறந்தன. கிரிலின் ஓரத்தில் ஒரு சின்ன நெம்புகோல். தள்ளினால் திறக்கும், இழுத்தால் மூடும். கைக்கு எட்டாது. ஒட்டடைக்குச்சிக்கு எட்டும்.

அந்த ஒட்டடைக்குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை வைத்த இடத்தில் யாரும் பார்த்ததில்லை. இன்று மாடிப்படிக்குக் கீழே இருந்தால் நாளை பெரியவர் அறைக் கதவுக்குப் பின்னால். இத்தனைக்கும் வீட்டில் ஒட்டடை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் வேலையைப் பார்க்கக் கிளம்பினார்கள். அண்ணி தன் தையல் கடைக்கு, மகள் ஆபீசுக்கு, பெரியவர் நூலகத்துக்கு. அங்கே இலவசமாகக் குளிரும், பேச ஆள் கிடைக்கும். பாப்பா மேற்குப் பக்க அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். தலைக்கு மேலே இயந்திரத்தின் முனகல் கேட்டது. குழாய்களுக்குள் ஏதோ ஒரு பெரிய பிராணி புரண்டு படுக்கிறது என்று தோன்றியது. வெள்ளை ரோமம், கனத்த கண்ணிமை. வீடு முழுக்க அதன் கையும் காலும் நீண்டு கிடக்கின்றன. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு விரலை நீட்டி யாரையோ தேடுகிறது. இந்தா, இங்கேதான் இருக்கிறேன், என்று பாப்பா கையைத் தூக்கினாள். விரல் வரவில்லை. வியர்வைதான் வந்தது.

எழுந்தாள். பத்து நாளாகச் செய்கிற காரியத்தைச் செய்தாள். ஒட்டடைக்குச்சியைத் தேடி எடுத்து, அண்ணன் அறை, மகள் அறை, ஹால் என்று சுற்றி வந்தாள். ஆளில்லாத அறைகளுக்கு எதற்குக் குளிர்? அங்கே போவதை அடைத்தால் எல்லாம் தன் அறைக்கு வந்துதானே ஆகவேண்டும்? குழாயடியில் மற்றக் குழாய்களை மூடினால் நம் குழாயில் வேகமாக வருகிறதே, அதே கணக்கு. எல்லாம் நேற்று அவள் மூடியபடியே இருந்தன. திருப்தியோடு வந்து படுத்தாள். கண்ணுக்குள் மணல் உறுத்தியது.

மதியம் பெரியவர் ஒரு மெக்கானிக்கோடு வந்தார். மெக்கானிக்கும் லேசுப்பட்டவர் இல்லை. சட்டைப் பையில் 'ஏசி டாக்டர்' என்று நூலால் தைத்திருந்தது. அறை அறையாகக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, நாடி பார்ப்பது போல இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"இது குறித்து நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது," என்று பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"சுருக்கமா சொல்லுங்க சார். பேஷண்டுக்கு மூச்சுத்திணறல்."

இரண்டு பிரசங்கிகள் ஒரே வீட்டில் நின்றால் கேட்கிறவர்கள் கதி அதோகதி. மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்த அண்ணியும், ஆபீசிலிருந்து அரை நாளில் வந்துவிட்ட மகளும், தூக்கத்தைத் தலைமுழுகிவிட்டு எழுந்து வந்த பாப்பாவும் அந்தச் சின்ன அறை வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். டாக்டர் முதலில் ஃபில்டரை உருவினார்.

"இது ஃபில்டரா, கம்பளியா?"

பிறகு இரண்டு திருகாணியைக் கழற்றி, தகர மூடியை மெல்ல நகர்த்தினார்.

உள்ளே பனி. கண்ணாடிக் கட்டியாக இல்லை; அடுக்கடுக்காக, மெத்து மெத்தாக, ஓர் இரவில் பெய்து முடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. செம்புக் குழாய்கள் அதற்குள் புதைந்து, மரக்கிளைகள் போலக் கொஞ்சம் கொஞ்சம் எட்டிப் பார்த்தன. வெளிச்சம் பட்ட இடத்தில் நீலம். அதிலிருந்து புகை போலக் குளிர் இறங்கித் தரையில் படர்ந்து, பாப்பாவின் வெறும் பாதத்தைத் தொட்டது. முப்பத்தொன்று டிகிரி வீட்டின் நடுவில், வெங்காயக் கூடைக்கு அடுத்த அறையில், இத்தனை நாளாக ஒரு மலை உச்சி குடியிருந்திருக்கிறது. பாப்பா யாரையும் கேட்காமல் முன்னால் போய், அதன் மேல் கன்னத்தை வைத்தாள். கோயிலில் ஒருவர் விழுந்து கும்பிடும்போது மற்றவர்கள் ஒதுங்கி நிற்பார்களே, அப்படி எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள்.

"ரெஸ்பெக்டபிளான ஐஸ்," என்றார் டாக்டர், தானே பெற்றெடுத்தது போல. "காத்து வெளிய போக வழியில்லைன்னா குளிர் இங்கேயே உக்காந்து உறைஞ்சிடும். ஐஸ் காத்தை அடைக்கும். நீங்க இன்னும் குறைச்சு வைப்பீங்க, அது இன்னும் உறையும். சரி, கிரில்லை எல்லாம் மூடினது யாரு?"

பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்த பிறகு பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"எல்லாமேவா மூடியிருக்கு?" என்றாள் பாப்பா, கன்னத்தை எடுக்காமலே.

"பார்த்துட்டுத்தானே வரேன். ஒண்ணு பாக்கியில்லை. உங்க மேற்கு ரூம் உள்பட."

"என் ரூமை யாரு மூடினது?"

மகள் இயர்போனைக் கழற்றினாள். "ராத்திரி நீங்கதான் இருக்கிறதில்லையே அத்தை... காலி ரூமுக்கு எதுக்குன்னு..."

"அப்ப எங்க ரூமை?" என்று அண்ணி மகளைப் பார்த்தாள்.

"அது நானில்லம்மா!"

"நான்தான் அண்ணி," என்றாள் பாப்பா. "பகல்ல. ஹாலும் நான்தான்."

"ஹாலை நானும் மூடினேன்," என்றாள் அண்ணி. "மூடியிருந்ததைத் திரும்ப மூடினேன் போல. கொஞ்சம் இறுக்கமா இருக்கேன்னு நினைச்சேன்."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். "சிக்கன நடவடிக்கையின் ஒரு பகுதியாக," என்று தொடங்கினார், "சமையலறை, குளியலறை, மற்றும் இதர..."

ஆக, ஆளுக்கு ஓர் அறை குளிர வேண்டுமென்று ஆளாளுக்கு மற்றவர் அறையை அடைத்திருக்கிறார்கள். எல்லோரும் அடுத்தவர் தலைக்கு மேலே கவனமாகப் பார்த்தார்கள். தன் தலைக்கு மேலே ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்று வராதபோது இயந்திரத்தைத் திட்டினார்கள். நோயாளியைச் சுற்றிக் கூட்டம் போடாதீர்கள், மூச்சு விட இடம் கொடுங்கள் என்று தினமும் சொந்தக்காரர்களை விரட்டுகிற பாப்பா, வீட்டுக்கு வந்து வீட்டின் மூக்கையே பொத்தியிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை முகம்வரை வந்தது.

வைத்தியம் எளிது. குளிரை நிறுத்தி, வெறும் காற்றை மட்டும் ஓட விட்டு, எல்லா வாயையும் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். "எவ்வளவு நேரம்?" என்று பெரியவர் கேட்டார். "பனிக்கு யாரும் ஆர்டர் போட முடியாது சார்," என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த பேஷண்டைப் பார்க்கக் கிளம்பினார். பெரியவர் ஒட்டடைக்குச்சியைச் செங்கோல் போலப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போனார். பின்னால் மனைவி, அவளுக்குப் பின்னால் மகள். ஒவ்வொரு கிரிலும் 'டக்' என்று திறந்தது. போகிற போக்கில் கொஞ்சம் ஒட்டடையும் விழுந்தது.

பாப்பா இயந்திர அறை வாசலிலேயே பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள்.

முதலில் ஒரு சொட்டு. பிறகு இன்னொன்று. அண்ணி வைத்துவிட்டுப் போன வாளியில் தண்ணீர் தன் பாஷையில் எண்ணத் தொடங்கியது. பனியைத் தடவிக்கொண்டு காற்று புறப்பட்டது. ஈரமான, பழைய, யாருக்கும் சொந்தமில்லாத குளிர். அது அவள் நெற்றியைத் தொட்டு, கழுத்தைச் சுற்றி, ஹாலுக்குப் போய், மாடி ஏறி, எல்லோருக்கும் ஒரே அளவாகக் கிடைத்தது. அந்த வெள்ளைப் பிராணி விழித்துக்கொண்டது. எழுந்து சோம்பல் முறித்து, தன் ரோமத்தையெல்லாம் தண்ணீராக உதிர்த்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து படுத்தது. அதன் விலா ஏறி இறங்குவதற்கு ஏற்ப அவள் மூச்சும் ஏறி இறங்கியது. வார்டின் கட்டில்கள் வரிசையாகப் பனிமேல் சறுக்கிப் போயின. நோயாளிகள் எல்லோரும் கையசைத்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

எங்கோ மேலே, குழாய்களுக்குள்ளிருந்து, அண்ணியின் குரல் கேட்டது. "என்னங்க, இவளுக்கு இன்னைக்கு..."

"ஷ்ஷ்! இதனால் அறிவிப்பது யாதெனில்," அண்ணனின் குரல் ரகசியமாகப் பேசியது. ரகசியமாக அறிவிப்பது அவருக்குப் புதுசு, அதனால் குரல் தடுமாறியது. "என் தங்கச்சி தூங்கறா. எத்தனை நாளாச்சு அவ முகத்தை இப்படிப் பார்த்து. யாரும் எழுப்பக்கூடாது. குக்கர் வைக்காதே. அவ போனைக் கொண்டா, அலமாரியில வச்சுப் பூட்டறேன்."

"இல்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"பேசாதேன்னேன்ல. பாவம்டி."

பாப்பா கனவில் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்து பனித்துகள்தான் வந்தது. அது அழகாக இருந்தது. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழித்தபோது ஜன்னலில் மெல்லிய சிவப்பு வெளிச்சம். உடம்பு கழுவி வைத்த பாத்திரம் போல லேசாக இருந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது என்று எழுந்தாள். குளித்தாள். சலவை செய்த யூனிஃபார்மைப் போட்டாள். கண்ணாடியில் ஒரு பெண் பத்து வயது குறைந்து நின்றாள். இன்றைக்குப் பெரிய சிஸ்டர் பார்க்கட்டும், கண்ணில் ஒரு துளி மணல் இருக்கிறதா என்று. வீடெங்கும் சீரான, மென்மையான குளிர். அண்ணன் ஹாலில் நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தபடியே, தலை சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒட்டடைக்குச்சி. இந்த மனிதரைப் போய் எத்தனை கேலி செய்திருக்கிறோம் என்று நினைத்தாள்.

"அண்ணா, நான் கிளம்பறேன். ட்யூட்டிக்கு நேரமாச்சு."

பெரியவர் கண் விழித்து, தங்கையின் தெளிந்த முகத்தைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். வாசலில் காலைப் பேப்பர் வந்து விழுந்தது.

"ட்யூட்டியா? அது நேத்து ராத்திரி இல்ல?" என்றார்.

பாப்பா சாவியை வாங்கி அலமாரியைத் திறந்து போனை எடுத்தாள். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அழைப்புகள், கடைசியில் பெரிய சிஸ்டரின் ஒரே ஒரு செய்தி. வேலை போயிருந்தது.