மூன்றாம் பெட்டி

திருகு முழுக்கக் கழன்று நல்லகாமன் கையோடு வந்துவிட்டது. அப்படியும் மூன்றாம் பெட்டி தன் அலைவரிசைக்கு ஏறவில்லை. கீழே, இரண்டாவதின் எல்லைக்குள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. மைக்ரோவேவ் கோபுரத்தில் கலந்து வரும் டெலிபோன் பேச்சுகளை நான்கு வழியாகப் பிரித்துவிட வேண்டிய பித்தளைப் பெட்டிகள் அவை. பேரையூரிலிருந்து படித்து வந்தவனுக்கு இந்த வில்லாபுரத்துக் கம்பெனியில் இதுதான் முதல் டிசைன். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

திருகை உள்ளே விட்டால் அலைவரிசையை இறக்கலாம், ஏற்ற முடியாது. மற்ற மூன்றையும் திருகை வெளியே இழுத்து எப்படியோ சமாளித்துவிட்டான். உட்புறம் அகன்றால் அலைவரிசை தானாக இறங்கும்; இதன் உட்புறம் ஒரு மயிரிழை அகன்றுபோயிருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தான். கண்ணாடி மாதிரி மின்னியது.

போன மாதம் வெள்ளி முலாம் பூசும் அப்துல் வஹீது கேட்டிருந்தார். "தம்பி, உள்ள ரெண்டு சுத்து தேச்சிட்டு முலாம் போடவா? குடம் கணக்கா மின்னும்."

இவன் டீயை ஆற்றிக்கொண்டே, "நல்லா மின்னட்டும் பாய்" என்றான். தேய்த்தால் பித்தளை தேயும் என்பது அந்த நேரம் பார்த்து உறைக்கவில்லை. அம்புட்டுப் படித்த மண்டை!

பதினொரு மணிக்கு மேனேஜர் ஆண்டிச்சாமி நல்லகாமனையும் வஹீதையும் நிறுத்திவைத்துக் கேட்டார். "டிசைன்ல தப்பா, முலாமுல தப்பா? ஒண்ணச் சொல்லுய்யா."

"முலாமுலதான் சார். உள்ள தேச்சிருக்காரு." குரல் நடுங்கக்கூட இல்லை. அதுதான் நல்லகாமனுக்கே கேவலமாக இருந்தது.

"ஒம்மள யாரு பாய் உள்ள தேய்க்கச் சொன்னது?"

வஹீது நல்லகாமனைப் பார்த்தார். அவன் மேசையைப் பார்த்தான்.

"மூணாவதுல ஒரு கறை இருந்துச்சு சார்" என்றார் கடைசியில். "மனசு கேக்கல. கூட ரெண்டு சுத்து தேச்சிட்டேன். என் தப்புதான்."

"இனிமே இங்கிட்டு வேலைக்கு வராதீரு."

மேனேஜர் போன பிறகு வஹீது அந்தப் பெட்டியை எடுத்தார். வெள்ளியில் நல்லகாமனின் விரல் பதிந்திருந்தது. துண்டு நுனியால் அதைத் துடைத்துவிட்டு, சத்தம் வராமல் திரும்ப வைத்தார்.

"வாரேன் தம்பி."

பாய் என்று கூப்பிட வாயெடுத்தான். வராண்டாவில் செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று. அவன் கை அந்தத் திருகை மறுபடி துளையில் பொருத்தி, உள்ளே உள்ளே முடுக்கிக்கொண்டிருந்தது.