பத்துக்குப் பத்து

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டிப்போவிலிருந்து போன் வரும். அதில் நான் ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டும். ‘நான் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன்.’ எதிர்முனையில் கேட்பவனுக்கு அது புரிந்துவிட்டால் எனக்கு வேலை உண்டு. புரியாவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான். பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்லிவிடும் வாக்கியம் அது. எனக்கு மூன்று வாரம் பிடித்தது, ஏனென்றால் என் தொண்டையில் குரல்வளை இல்லை. பத்து மாதத்துக்கு முன் புற்றுநோய் என்று அதை அறுத்து எடுத்துவிட்டார்கள்.

இருபத்தாறு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தவன் நான். நடுவில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு மேஜை, மேஜைமேல் மைக், வண்டி நேரம் எழுதும் தாள். எந்த வண்டி எத்தனையாவது நடைமேடையில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று சொல்வதுதான் உத்தியோகம். கிளம்ப வேண்டிய நேரத்தில் டீக்கடையில் அரட்டை அடிக்கும் டிரைவரின் மானத்தை மைக்கிலேயே வாங்குவது என் சொந்தச் சேர்க்கை. ‘வெண்கலம்’ என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். மைக் ரிப்பேரான நாட்களில் ஜன்னலைத் திறந்துவைத்து வெறும் வாயாலேயே முழு நிலையத்தையும் நடத்தியிருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு பாக்கெட் சிகரெட்டும் இருந்தது.

வீட்டிலும் அதே குரல்தான். மைக் மட்டும் கிடையாது. என் மனைவிக்கு வாயைத் திறக்கும் சிரமத்தையே நான் வைத்ததில்லை. வீட்டு ஓனரிடம் நான் பேசினேன், கடைக்காரனிடம் நான் பேசினேன். அவளுக்கு வயிற்றுவலி வந்தால் எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

முதலில் கரகரப்பு. சளி என்று நினைத்தேன். அப்புறம் ஏழு வாரம், முப்பத்து மூன்று தடவை, முகத்துக்கு அளவெடுத்து ஒரு முகமூடி செய்து, அதைப் போட்டுப் படுக்கவைத்து, தலையை அசைக்க முடியாதபடி மேஜையோடு பூட்டிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். எச்சில் வற்றிப்போய், கஞ்சிகூட உள்ளே இறங்காமல் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். சரியாகிவிட்டது என்றார்கள். ஒன்பது மாதத்தில் திரும்ப வந்துவிட்டது என்றார்கள். “உயிரா குரலான்னா உயிரைத்தான் பார்க்கணும்” என்றார் பெரிய டாக்டர். அவருக்கென்ன, இரண்டும் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கழுத்தின் அடியில் ஒரு ஓட்டை. மூச்சு அது வழியாகத்தான். மூக்குக்கு வேலை போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டினார், நான் அதே அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சிரித்தால் சத்தம் வராது. அழுதாலும் வராது. அந்த முதல் வாரம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்து நிறைய அழுதேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குக்கூடத் தெரியாது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கத்தினார்கள். பேச முடியாதவனுக்குக் காதும் கேட்காது என்று யார் இவர்களுக்குச் சொன்னதோ தெரியவில்லை. மச்சினன் மட்டும் மெதுவாகப் பேசினான். “ஒரு வகையில நல்லதாப் போச்சு மாமா, இனிமே பி.பி. ஏறாது.” நான் சிலேட்டை எடுத்து அவனுக்கு ஒரு பதில் எழுதினேன். அதை இங்கே எழுத முடியாது. என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, “காபி குடிச்சிட்டுப் போகச் சொல்றார்” என்றாள். அவனும் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கமானது. நான் எழுதுவேன், அல்லது உதட்டை அசைப்பேன். அவள் எனக்காகப் பேசுவாள். நான் ‘போய்த் தொலையட்டும்’ என்பேன், அவள் “இன்னொரு நாள் வரச் சொல்றார்” என்பாள். அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டிப்போ மேனேஜர் என்னிடம் தொழில் கற்றவன். மூன்று வாரத்துக்கு முன் வீட்டுக்கு வந்தான். “அண்ணே, அதே ரூம்ல வண்டி நேரம் எழுதற வேலை காலியாகுது. மைக்குக்கு ஒரு பொண்ணு வந்திருக்கு, நீங்க எழுதினாப் போதும். ஆனா வண்டி எங்கயாவது நின்னுட்டா போன்ல பேசத் தெரியணும்னு மேலிடத்துல கேக்கறாங்க. இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நான் கூப்பிடறேன். ஒரு வாக்கியம் எனக்குப் புரியற மாதிரி பேசுங்க. பேசினார்னு எழுதிடறேன். அஞ்சு மணிக்கு லிஸ்ட் போயிடும், அதுக்கப்புறம் என் கையில இல்ல.”

அந்தக் கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போகலாம் என்று கேட்டதும் சிலேட்டில் ‘சரி’ என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். மைக் வேண்டாம். அந்த மேஜையின் ஓரமும் வண்டிகள் வந்து போவதும் போதும். அவன் போனதும் ஆஸ்பத்திரியில் கொடுத்து, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பேச்சுக் கருவியை எடுத்தேன். சின்ன டார்ச் லைட் அளவு இருக்கும். தாடைக்கு அடியில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் ஙொய்யென்று அதிரும். அந்த அதிர்வை உதடும் நாக்கும் சேர்ந்து வார்த்தையாக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “கத்தாதீங்க சார். நீங்க கத்தினா கழுத்து ஓட்டையில காத்து சீறும், அந்தச் சீறல்ல வார்த்தை அமுங்கிடும். கத்தற வேலையை மெஷின் பாத்துக்கும்.” கத்தாமல் பேசுவது எப்படி என்று ஐம்பத்தேழு வயதில் ஒருவன் எங்கே போய்க் கற்றுக்கொள்வான்.

மனைவிதான் கற்றுக்கொடுத்தாள். போனை எடுத்துக்கொண்டு படுக்கை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கூடத்திலிருந்து இன்னொரு போனில் பேச வேண்டும். காதில் விழுந்ததை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, வெளியே வந்து காட்டி, மார்க் போடுவாள். முதல் நாள் நோட்டில் வெறும் கோடு. பத்துக்குப் பூஜ்யம். நான்காம் நாள் ‘கிழமை’ என்ற ஒரு வார்த்தை, இரண்டு மார்க். “அவசரப்படறீங்க. ‘திங்கட்’ல நாக்கு மேல ஒட்டலை. திரும்பச் சொல்லுங்க.” எனக்குக் கோபம் வந்து சீறினால் போனை வைத்துவிடுவாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடுவாள். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு.

அவளுக்குள் ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறாள். அந்தக் கதை எங்கள் டிப்போவில் எல்லாருக்கும் தெரியும், நானே சொல்லிச் சொல்லிப் பரப்பியது. கல்யாணமான மூன்றாம் வருஷம் டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறேன் என்றாள். பொழுது போகட்டும் என்று புத்தகமெல்லாம் நான்தான் வாங்கிக்கொடுத்தேன். பரீட்சைக்கு எங்கள் டிப்போ வண்டியிலேயே ஜன்னலோர சீட்டில் உட்கார்த்தி அனுப்பினேன். பாஸ் பண்ணிவிட்டாள், அதுவும் நல்ல மார்க்கில். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் போன் பண்ணினார், திங்கட்கிழமை வந்து சேர முடியுமா என்று. போனை எடுத்தது நான். “அவளுக்கு இஷ்டம் இல்லைங்க மேடம், வீட்டைப் பாத்துக்கத்தான் விரும்பறா” என்றேன். பின்னால் இவள் ஈரக் கையோடு ஓடி வந்து, “வர்றேன்னு சொல்லுங்க, வர்றேன்னு சொல்லுங்க” என்று கெஞ்சுகிறாள். ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பாம்புக்காது. “பின்னாடி யாரோ பேசற மாதிரி இருக்கே?” என்றார். “ரேடியோங்க மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

‘ரேடியோங்க மேடம்’ என்று நான் சொல்லும் இடத்தில் டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், அவளை வைத்துக்கொண்டே. அவளும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு லேசாகச் சிரித்தபடிதான் உள்ளே போவாள். அவள் நன்மைக்குத்தான் செய்தேன். இரண்டு பஸ் மாறிப் போய், நாற்பது பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தி, யாருக்கு வேண்டும் அது.

பத்தாம் நாள் ஐந்து மார்க். பதினைந்தாம் நாள் எட்டு. வியாழக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நோட்டில் முழு வாக்கியமும் இருந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல். கீழே சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. “நாளைக்கும் இப்படியே நிதானமா பேசணும்” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கருவியை எடுத்தேன். அதற்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கே முகம் கழுவிச் சட்டை மாற்றி உட்கார்ந்துவிட்டேன். ஒரு கையில் கருவி. இன்னொரு கையால் கழுத்து ஓட்டையைக் காற்று சீறாமல் துணியால் லேசாக மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு மூன்றாவது கை கிடையாது என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. நாலடித்து ஒரு நிமிஷத்தில் மணி அடித்தது.

“அண்ணி, அண்ணன் ரெடியா?”

நான் கருவியைத் தாடைக்கு அடியில் வைத்தேன். அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அவருக்கு இஷ்டம் இல்லைங்க தம்பி” என்றாள். “வீட்டுல இருக்கத்தான் விரும்பறார்.”

தப்பாகச் சொல்லிவிட்டாள், திருத்துவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணி, போன வாரம்கூட வர்றேன்னுதான மெசேஜ் அனுப்பினாரு?”

“டாக்டர் புகை ஆகாதுன்னு சொல்லியிருக்கார். பஸ் ஸ்டாண்டுல புகைக்கு என்ன குறை, நேரா கழுத்து வழியா உள்ள போயிடும். யோசிச்சுப் பாத்தார். வேண்டாம்னுட்டார்.”

புகை விஷயம் உண்மைதான், டாக்டர் சொன்னதுதான். ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து நின்று பொத்தானை அமுக்கினேன். ‘நான் திங்கட்கிழமை.’ நிதானமாகத்தான் ஆரம்பித்தேன், அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவள் திரும்பிப் பார்க்காமல் இரண்டடி தள்ளிப் போனாள். அவ்வளவுதான், எனக்குள் பழைய ஆள் கிளம்பிவிட்டான். கத்தினேன். இருபத்தாறு வருஷக் கத்தலையும் சேர்த்துக் கத்தினேன். கழுத்து ஓட்டையில் காற்று பிரஷர் குக்கர் மாதிரி சீறியது, கருவி ஙொய்யென்று அலறியது, மூன்று வாரம் படித்த வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

“அண்ணி, பின்னாடி ஏதோ சத்தம் கேக்குதே?”

“மிக்ஸி ஓடுதுங்க தம்பி.”

“ஓ. சரிங்க அண்ணி, அண்ணனை உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க. அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டுடறேன்.”

போன் அணைந்தது. கடிகாரத்தில் நாலு மணி மூன்று நிமிஷம். ஐந்து மணிவரை நேரம் இருந்தது, கையில் இன்னொரு போனும் இருந்தது. ஆனால் என்னவென்று அனுப்புவது. நான் பேசியதைத் தன் காதால் கேட்டு, மிக்ஸி என்றதும் நம்பிவிட்டான் அவன். அதற்குமேல் எனக்கு என்ன பரீட்சை வைக்க வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து சிலேட்டை எடுத்தேன். திட்ட நினைத்து எழுதி, அழித்து, கடைசியில் ஒரே வார்த்தை எழுதி நீட்டினேன். ‘மிக்ஸியா?’

அவள் வாங்கிப் படித்தாள். முந்தானையால் துடைத்தாள், ஓரமெல்லாம் சுத்தமாகத் துடைத்தாள். திரும்ப என் மடியில் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“ரேடியோன்னு சொல்லியிருக்கலாம். இப்ப யார் வீட்டுல ரேடியோ இருக்கு?”