பதினான்கு நாள் கெடு

மகேந்திரனின் கருமாதிக்குப் போக வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போதுதான் போன் அடித்தது. திங்கட்கிழமை காலை பத்தே முக்கால். கூப்பிட்டது லகாட் சாலையில் உள்ள டயாலிசிஸ் நிலையத்தின் மேலாளர் மெலிண்டா. நல்ல சேதி சொல்ல யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் இருந்து நான் கண்ட பலன் அதுதான்.

நோயாளிகள் பட்டியல் திறக்கவில்லை என்றாள். மெயில் வரவில்லை, வேன் டிரைவரின் போனிலும் ஒன்றும் தெரியவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று தடவை போட்டாயிற்றாம். அவள் வைத்ததும் காம்பாரிலிருந்து ஒரு டியூஷன் சென்டர், அதன் பிறகு ஈப்போவில் ஒரு டயர் கடை. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது என்றால் கோளாறு அவர்களிடம் இல்லை, எங்களிடம். எங்களிடம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். மகேந்திரன் போனதிலிருந்து என்னிடம் மட்டும்தான்.

எங்களுடையது இரண்டு பேர் நிறுவனம். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. கம்ப்யூட்டருக்குப் பெயர் விளங்காது, எண்தான் விளங்கும். நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதற்கு எண் எது என்று எடுத்துச் சொல்லத் தனியாக ஒரு சர்வர் வேண்டும். நேம் சர்வர் என்பார்கள். அது வாயை மூடிக்கொண்டால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் ஒருவரும் உள்ளே போக முடியாது. எங்களுக்கு அப்படி இரண்டு இருந்தன. முதலாவது சிலிபினில் மகேந்திரனின் வீட்டில். இரண்டாவது கோலாலம்பூரில்; முதலாவதைப் பார்த்து நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஒன்று படுத்தால் மற்றது சமாளிக்கும். இரண்டுமே மகேந்திரனின் பொறுப்பு. கடவுச்சொல் அவனிடம், எச்சரிக்கைச் செய்தி அவன் போனுக்கு. "மச்சான், நீ ஆளுங்களோட சண்ட போடு, நான் மெஷினோட போட்டுக்கிறேன்" என்பான். அவன் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது.

உட்கார்ந்து பார்த்தேன். டயாலிசிஸ் நிலையத்தின் சர்வரை எண்ணால் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது; ஆனால் பெயர் சொல்லாமல் பட்டியலை அது திறந்து காட்டாது. பெயரால் கூப்பிட்டால் ஒன்றுமில்லை. முதல் நேம் சர்வர் செத்த மாதிரி கிடந்தது. இரண்டாவது உயிரோடு இருந்தது, ஆனால் எதைக் கேட்டாலும் சொல்ல முடியாது என்றது. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. இன்று காலைவரை எல்லாம் சொன்னதற்கு இப்போது என்ன கொழுப்பு? அதன் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் கடவுச்சொல் செத்தவனிடம் இருக்கிறது.

இன்டர்நெட் லைன் கம்பெனியைக் கூப்பிட்டுக் கத்தினேன். இந்த மாதிரி நேரத்தில் முதலில் அவர்களைத் திட்டுவது எனக்கு வழக்கம். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும் என்றாள் போனை எடுத்த பெண். அவர் இறந்துவிட்டார் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும் என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. கடைசியில் மனமிரங்கி, சிலிபின் லைனில் எந்தக் கோளாறும் இல்லை, மோடம் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அப்படியானால் கோளாறு வீட்டுக்குள்.

மகேந்திரனின் மனைவி கலாதேவியிடம் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு முகமில்லை. அடக்கம் முடிந்த பிறகு அவள் என்னை நான்கு முறை கூப்பிட்டிருந்தாள், நான்கு முறையும் நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன பேசுவது? அவள் அழுவாள், எனக்கும் அழுகை வரும். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, நாளைக்குப் பேசலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிப்பட்டவன் கருமாதி அன்று கூப்பிட்டு, சர்வரில் விளக்கு எரிகிறதா பார் என்று எப்படிக் கேட்பது?

அதற்குள் மெலிண்டா மறுபடியும் கூப்பிட்டாள்.

"அண்ணே, மத்தவங்கலாம் எப்படியோ வந்துட்டாங்க. ராக்காயி அம்மாதான் இன்னும் வரல. வெள்ளிக்கிழம பிரஷர் எறங்கி பாதியிலயே நிப்பாட்டிட்டோம். இன்னிக்கு ஒரு மணிக்குள்ள மெஷின்ல போட்டாகணும். லேட்டானா நெஞ்சுல தண்ணி சேந்துடும்லா."

ராக்காயி அம்மாவுக்கு எழுபது வயது. லகாட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில். கோப்பில் இருப்பது அடையாள அட்டையின் நகல் மட்டும். அதில் உள்ள முகவரி, விற்று அழித்துப் பத்து வருடமான வேறொரு தோட்டத்தினுடையது. போன் எண்கள் பட்டியலுக்குள். வீட்டுக்கு வழியும் பட்டியலுக்குள். பழைய டிரைவர் நின்றுவிட்டார். போன வாரம் சேர்ந்த புது ஆள் காம்பார்க்காரர். அவர் முக்கால் மணி நேரமாக பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

அந்த வழியெல்லாம் மகேந்திரன் எழுதியது. பட்டியலைச் செய்தபோது ஒரு வாரம் வேனில் ஏறிக்கொண்டு வீடு வீடாகப் போய் எழுதிவிட்டு வந்தான். போனில் மாப் இருக்கும்போது இது எதற்கு வெட்டி வேலை என்று நான் சத்தம் போட்டேன். மாப்புக்கு லயம் தெரியாது மச்சான் என்றான்.

பதினொன்றே முக்காலுக்கு சிலிபின் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கெமா கூடாரம் போட்டு ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வெயில். ஓரத்தில் பெரிய கிப்பாஸ் காற்றாடி இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்தில் மகேந்திரனின் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைத்திருந்தார்கள். அவன் அறைக் கதவு அதற்குப் பின்னால். பண்டாரம் பாடிக்கொண்டிருந்தார். படையலைத் தாண்டிக்கொண்டா போக முடியும்? பத்து நிமிடம் கைகட்டி நின்றேன். போன் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. தீபாராதனை முடிந்து எல்லாரும் திருநீறு வாங்க முன்னால் நகர்ந்தபோது, சுவரை ஒட்டி நழுவி அறைக்குள் போய்விட்டேன்.

மேசைக்குக் கீழே அந்தச் சின்னப் பெட்டி இருந்தது. தொட்டால் ஜில்லென்று இருந்தது. அதன் பிளக் தரையில் கிடந்தது. சுவரில் அதன் இடத்தில் வேறொரு வயர் செருகியிருந்தது. அது ஜன்னல் கம்பி வழியாக வெளியே போனது. பிளக்கின் மேல் தூசி படிந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இது இன்று கழற்றியது அல்ல.

இரண்டாவது சர்வருக்கு நாங்கள் ஒரு கெடு வைத்திருந்தோம். முதலாவதிடமிருந்து பேச்சு மூச்சு இல்லையென்றால் பதினான்கு நாள் வரைக்கும் கையிலுள்ள நகலை வைத்துச் சமாளி. அதற்கு மேல் அந்த நகலை நம்பாதே, வாயை மூடிக்கொள். எல்லாரும் வைக்கிற கெடுதான் அது. முதலாவது இன்று சாகவில்லை. பதினான்கு நாளுக்கு முன்பே செத்துவிட்டது. இரண்டாவது ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்து, கெடு முடிந்த இன்று காலை படுத்துவிட்டது.

பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தனேஸ்வரன் எதிரில் நின்றான், கலாதேவியின் தம்பி. எனக்கு அவனைப் பிடிக்காது. எப்போது பார்த்தாலும் எதையாவது ஒழுங்குபடுத்திக்கொண்டே இருப்பான். மகேந்திரனின் சாமான்களைப் பெட்டியில் கட்டியது அவன்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். காலையிலிருந்து சேர்ந்த ஆத்திரமெல்லாம் அவன் மேல் திரும்பியது.

"யாரக் கேட்டுடா அவன் மெஷின கழட்டுன? ஒரு பதினாறு நாளு பொறுக்க முடியலயா உனக்கு? அங்க ஒரு அம்மா சாகக் கெடக்குது."

தனேஸ்வரன் கையிலிருந்த திருநீற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பாயில் உட்கார்ந்திருந்த கலாதேவிதான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அவன் அந்த ரூமுக்குள்ள போகவே இல்லண்ணே. நான் யாரையும் விடல. கழட்டுனது நீங்கதான். அவர எடுக்குற அன்னிக்கு, கெமாவுக்குக் கிப்பாஸ் வேணும்னு ஜன்னல் வழியா வயரு போட்டீங்களே."

ஆமாம், நான்தான். எடுக்கும் நாளில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அழாமல் ஓடியாடி வேலை பார்த்தவன் நான். நாற்காலி இறக்கினேன், சவப்பெட்டி வண்டிக்காரரோடு பேசினேன், வந்தவர்களுக்குப் பானம் கொடுக்கச் சொன்னேன். கிப்பாஸ் வயர் எட்டவில்லை என்று யாரோ சொன்னார்கள். அந்த அறைக்குள் போய், அவன் நாற்காலியைப் பார்க்கப் பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டே, கைக்கு அகப்பட்ட பிளக்கைப் பிடுங்கி வீசிவிட்டு வயரைச் செருகினேன். எது என்று பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் வேலையிலேயே தலை நரைத்தவன் நான்.

பேச நேரமில்லை. திரும்பி உள்ளே போய் கிப்பாஸின் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் செருகினேன். வெளியே இரைச்சல் நின்றது, உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். எழுந்ததும் அது இரண்டாவதுக்குத் தகவல் சொல்லும், இரண்டாவது புது நகல் எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான், மற்றது மகேந்திரனுக்குத் தெரியும். நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடம் நான் வேண்டாத சாமி இல்லை.

என் போனில் பட்டியல் திறந்தது. ராக்காயி அம்மாவின் பெயரைத் தேடி எடுத்தேன். மகேந்திரன் எழுதியிருந்தான்:

"சுராவ் பள்ளிவாசல் தாண்டி இடது பக்கம் மண் ரோடு. மூன்றாவது லயம், நீலக் கதவு. நாய் குரைக்கும், கடிக்காது. ஹாரன் அடிக்க வேண்டாம், அம்மா பயப்படும். இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வரவும்."

அவன் இறந்த நாளிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவனுடைய மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பன்னிரண்டரைக்கு மெலிண்டாவிடமிருந்து செய்தி வந்தது. அம்மா வேனில் ஏறிவிட்டார்கள், மூச்சு வாங்குகிறது, ஆனால் பேசுகிறார்கள். வெளியே கிப்பாஸ் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். தனேஸ்வரன் பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துப் போட்டிருந்தான். போய் அவன் கையைப் பிடித்தேன். "பரவால்லண்ணே, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, பந்திக்கு இலை போடப் போய்விட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

பெட்டியை இன்னொரு முறை பார்க்க அறைக்குள் வந்தேன். கலாதேவி பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். கையில் மகேந்திரனின் போன் இருந்தது.

"யாராச்சும் கூப்பிடுவாங்கன்னு சார்ஜ் போட்டு வச்சிருந்தேன். அவர எடுத்த அன்னிலேருந்து மணிக்கு ஒரு தடவ மெசேஜ் வருது. என்னமோ டவுன் டவுன்னு இருக்கு. அவரு இருந்தா சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திரிச்சிருவாரு. அதான் உங்களக் கூப்பிட்டேண்ணே. நாலு வாட்டி கூப்பிட்டேன்."

அவள் அழுவதற்காகக் கூப்பிடவில்லை. மகேந்திரனின் வேலையைத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு முறை எடுத்திருந்தால், அன்றைக்கே வந்து பிளக்கைச் செருகியிருப்பேன். பதினான்கு நாள் எனக்கும் கெடு இருந்திருக்கிறது.

"பயந்துட்டேன் தங்கச்சி" என்றேன்.

அவள் போனையும் சார்ஜரையும் என் கையில் வைத்தாள். "இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும். அடிச்சா எடுங்கண்ணே."

தலையாட்டினேன். போன் என் கைக்குள்ளேயே ஒருமுறை அதிர்ந்தது. என்ன சொல்லுது என்று கேட்டாள். திறந்து பார்த்தேன். முதல் நேம் சர்வர் மறுபடியும் வேலை செய்கிறது என்று மகேந்திரனுக்குத் தகவல் வந்திருந்தது.