ஒரே கேட்டில் பதினோரு கம்பெனி

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். பல்லைவிட அவருக்குக் கம்பெனிகள் மேல்தான் ஆசை. அடிமாட்டு விலைக்கு விழுந்து கிடக்கிற கம்பெனியாகத் தேடிப் பிடிப்பார். கடன் குறைவு, லாபம் உண்டு, விலை மட்டும் மலிவு என்று தெரிந்தால் கொஞ்சம் பங்கு வாங்கிப் போடுவார். இப்படிச் சேர்ந்தது இருபத்து மூன்று கம்பெனி. ஒன்று கவிழ்ந்தாலும் மற்றவை காப்பாற்றும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பணம் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்குவதற்கானது. இப்போது இருப்பது லிப்ட் இல்லாத நான்காவது மாடி. எனக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. படிக்கு ஒரு திட்டு வைத்திருக்கிறேன், பெரும்பாலும் அவருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அவரைப் பட்டியலை வாசிக்கச் சொன்னேன். நான் லாரி புக்கிங் ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள். எந்தச் சரக்கு எங்கே இறங்குகிறது என்பது எனக்கு மனப்பாடம். ரப்பர், ஸ்பிரிங், பெயிண்ட், கண்ணாடி என்று அவர் பெருமையாக வாசிக்க வாசிக்க, நான் விரல் விட்டு எண்ணினேன்.

“இதுல பதினோரு கம்பெனி சரக்கும் ஒரே கார் ஃபேக்டரிக்குத்தான் போகுது. எல்லா லாரியும் ஒரே கேட்லதான் நிக்கும். அதை மூடினா பதினொண்ணும் படுத்துடும். வித்துடுங்க.”

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முதலாளி வேறு, பொருள் வேறு, லாரிக்குச் சீட்டு எழுதுகிறவளுக்கு என்ன தெரியும் என்றார். பல்லைப் பிடுங்குகிறவருக்கு மட்டும் என்ன தெரியுமாம் என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அப்புறமும் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து, ஒரு காலையில் எங்கள் ஆபீஸ் லாரி டிரைவர் போன் செய்தார். கேட்டைப் பூட்டிவிட்டார்களாம், ஃபேக்டரியைக் காலவரையின்றி மூடியாச்சாம், சரக்கைத் திருப்பிக் கொண்டுவரவா என்று கேட்டார். கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மதியத்துக்குள் பதினொன்றும் மளமளவென்று சரிந்ததை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்த்தேன். அவர் போனை எடுக்கவில்லை. பஸ் பிடித்துக் கிளினிக்குக்குப் போனேன். வழியெல்லாம் அவரைக் கிழிப்பதற்கு வார்த்தை சேர்த்தேன். உள்ளுக்குள் அழுகைதான்.

அவர் ஒரு நோயாளியை அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“வித்துட்டேன். சண்டை போட்ட மறுவாரமே. பதினொண்ணையும்.”

போன உயிர் திரும்பி வந்தது. நோயாளி நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தேன். இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா, நீ சொன்னது சரின்னு ஒத்துக்கணுமே. ஆண்டறிக்கை எல்லாத்தையும் மறுபடி எடுத்துப் படிச்சேன். பாதிக்கு மேல வியாபாரம் ஒரே வாடிக்கையாளர்கிட்டன்னு சின்ன எழுத்துல பதினொண்ணுலயும் போட்டிருக்கு. எத்தனை வருஷமா படிக்கிறேன், கண்ணுல படல.”

 அவர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மிச்சமிருந்த பன்னிரண்டு பெயர்களையும் எழுதி வைத்திருந்தார்.

“இதுலயும் அப்படி ஏதாவது இருக்கான்னு பாரு. உன்கிட்ட கேக்கணும்னு எழுதி ஒரு மாசம் ஆச்சு.”

வாங்கிப் பார்த்தேன். கண்ணீரில் ஒரு பெயரும் தெரியவில்லை. அவர் அடுத்த நோயாளியைப் பத்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.