இரண்டாவது கியர்

கார் கெட்டுப்போனதில் சந்தோஷப்பட்டது சபரீஷ் ஒருவன்தான். வெளியே காட்டிக்கொள்ள முடியுமா? காங்கேயத்திலிருந்து கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் பட்டறை வரை, காரை ஏற்றிய ரெக்கவரி வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்து வந்தான்.

அவன் அப்பா பொங்கியண்ணன், தேங்காயெண்ணெய் மில் கொழித்த காலத்தில் வாங்கிய ஜெர்மன் கார் அது. வாங்கும்போதே பழையதுதான். ஆனாலும் ஆட்டோமேட்டிக் கியர், தோல் சீட் என்று ராஜ மிதப்பில் போகும். போன மாசி மாதம் சபரீஷின் அம்மா சென்னியம்மாளுக்கு நெஞ்சுவலி வந்தபோது, பொங்கியண்ணன் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் காரை எடு என்று போனில் சொன்னதே அவர்தான். மனைவி கீதாவின் மடியில் அம்மாவைப் படுக்கவைத்துக்கொண்டு சபரீஷ் கோயமுத்தூருக்குக் கிளம்பினான். பல்லடத்துக்கு முன்னாலேயே கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டது. எவ்வளவு மிதித்தும் இரைச்சல்தான் ஏறியது, வேகம் ஏறவில்லை. டவுன் பஸ்கூட ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனது. சூலூர் வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

மறுநாள் பந்தலுக்குச் சாமான் வாங்க பொங்கியண்ணன் அதே காரை எடுத்தார். அது அம்பு மாதிரிப் பறந்தது. திரும்பி வந்தவர், கூடியிருந்த சொந்தபந்தம் அத்தனைக்கும் முன்னால் சாவியைத் தூக்கிக் காட்டினார்.

"காருக்கு ஒரு கேடும் இல்லீங்க. ஓட்டுனவனுக்குத்தான் கை ஒதறிப்போச்சு."

கீதா நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று தள்ளிவிட்டார். அன்றிலிருந்து மகனிடம் நேராக ஒரு வார்த்தை கிடையாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூட "அவன உங்கச் சொல்லு அம்மணி" என்று மருமகளிடம்தான் சொல்வார்.

இப்போது அவர் ஓட்டும்போதே கார் இரண்டாவது கியரில் மாட்டிக்கொண்டது. என்ன செய்தும் விடவில்லை. பழைய வண்டி, இப்போதுதான் கெட்டிருக்கிறது என்று அதற்கும் கீதா வழியாகவே தகவல் வந்தது. சாயங்காலம் பஸ்ஸில் பட்டறைக்கு வருவதாகவும் சொல்லியிருந்தார்.

பட்டறைக்காரர் ரசாக் பாய் கோட்டைமேட்டுக்காரர். ஆட்டோமேட்டிக் கியர் வயரிங் என்றால் ஈரோட்டிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள். சபரீஷ் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஒன்றே ஒன்று கேட்டான். இந்தக் கோளாறு மாசியிலேயே இருந்ததா?

பாய் காருக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸில் சொருகியிருந்த பிளக்கைக் கழற்றினார். பிறகு முன்சீட்டுக்குக் கீழே கால்மிதியைத் தூக்கி, கியரை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஈரம் மினுமினுத்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தவர், இதில் யார் தேங்காயெண்ணெய் விட்டது என்று கேட்டார்.

சபரீஷுக்குக் கூச்சமாக இருந்தது. அப்பாவின் பழக்கம் அது. மில்லில் சுவிட்ச்போர்டு முனைகளுக்கெல்லாம் துரு பிடிக்காமல் தேங்காயெண்ணெய் தடவுவார், காரையும் விட்டுவைக்கவில்லை. அம்மா இறப்பதற்கு முந்தின தீபாவளிக்கு உள்ளூர் மெக்கானிக் ஒருவர் இந்த ஈரத்தைக் காட்டியபோது, "அது நான் வெச்ச எண்ணெய்ப்பா" என்று அப்பா துணியால் துடைத்து மூடிவிட்டார்.

"அவர் வெச்சது மேலாப்புல கொஞ்சம்தானுங்க தம்பி. மிச்சமெல்லாம் கியர் ஆயில்" என்றார் பாய். கியர்பாக்ஸ் பிளக்கில் ரப்பர் வளையம் போய்விட்டது. விளக்குத் திரியில் ஏறுகிற மாதிரி ஆயில் வயருக்குள்ளேயே ஏறிக் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்திருக்கிறது என்று விளக்கினார். வயரை மடக்கிக் காட்டினார். மேல்தோல் விறைத்து முறுமுறுவென்று ஒடிந்தது. "இது நேத்து ஏறுன ஆயில் இல்லீங்க. மாசியிலயும் இருந்துருக்குது."

சபரீஷ் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. அப்புறம்தான் அந்தச் சந்தேகம் வந்தது. அப்படியானால் மறுநாள் அப்பா ஓட்டும்போது எப்படி ஓடியது?

பாய் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "ஆரம்பத்துல அப்படித்தானுங்க. ஒருக்கா ஆஃப் பண்ணிப்போட்டு ஸ்டார்ட் பண்ணுனா பழையபடி ஓடும். கொஞ்ச நாள் போனாத்தான் அதுக்கும் மசியாது."

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார்.

சபரீஷ் அன்றைக்கு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. நிறுத்தினால் திரும்பக் கிளம்பாமல் போய்விடுமோ என்ற பயம். ஓரமாக நிறுத்திப் பார்க்கலாமா என்று கீதா கேட்டதற்கும் எரிந்து விழுந்தான்.

மதியத்துக்கு மேல் பாய் புது பிளக் மாட்டி, வயரை மாற்றி, கம்ப்யூட்டரைக் கழுவி உலர்த்தி வைத்தார்.

பொங்கியண்ணன் வந்ததும் பாய் பழைய வயரை அவர் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். பெரியவர் அதை மோந்து பார்த்தார். திரும்பவும் மோந்து பார்த்தார்.

"என்ர எண்ணெய்னு நெனச்சுப்போட்டேனுங்களே பாய்" என்றார். வயரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு இவன் என்ன பண்ணியிருந்தாலும் வண்டி போயிருக்காதுங்களா?"

பாய் சபரீஷைப் பார்த்தார். சபரீஷ் தரையைப் பார்த்தான்.

"போயிருக்காதுங்கய்யா" என்றார் பாய்.

பொங்கியண்ணன் தலையை ஆட்டினார். மகனிடம் திரும்பினார். "வா கண்ணு. ஊட்டுக்குப் போலாம்."

சபரீஷ்தான் ஓட்டினான். இரண்டு, மூன்று, நான்கு என்று கியர்கள் மாறுவதே தெரியாமல் மாறின. சூலூர் தாண்டும்போது பெரியவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கே அந்த மெக்கானிக்கப் பாக்க உட்டிருந்தா உங்கம்மா இருந்திருப்பா. நாந்தான் கொன்னுபோட்டேன். பழிய உம்மேல போட்டேன்."

"அப்பா" என்றான் சபரீஷ்.

"சொல்லு கண்ணு."

அந்தச் சொல்லை அவன் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டான்.

"ஒண்ணுமில்லீங்கப்பா."

பொங்கியண்ணன் கையை நீட்டி மகனின் தோளில் வைத்தார். பல்லடம் வரும்வரை எடுக்கவில்லை.